மணற்காட்டில் அரை ஆள்

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர் எழுதுவது)

நம் அங்கத்தினர்களிற் பலருக்கு இன்ஸ்பெக்டர் என்றதும் பேரேட்டைப் புரட்டுகிறவர், தவணை கடந்த கடனுக்கு நோட்டீஸ் கொண்டு வருகிறவர் என்ற நினைவே முதலில் எழும். அதில் பிழையில்லை. நான் இங்கே சொல்லப் புகுவதும் அத்தகைய ஒரு நோட்டீஸில் தொடங்கிய விஷயந்தான்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், என் வட்டத்திலுள்ள ஒரு சிற்றூருக்குத் தவணை கடந்த கடன்தாரர்களை நேரில் கண்டு நோட்டீஸ் சார்வு செய்யச் சென்றிருந்தேன். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த பெயர் ஓர் அம்மையாருடையது. நெசவாளர் சங்கத்திலும் அங்கத்தினர், விவசாயக் கடன் சங்கத்திலும் அங்கத்தினர். வீட்டினுள் குழித்தறி, ஊருக்கு வடக்கே இரண்டே முக்கால் ஏக்கர் மேட்டுக்காடு. ஐந்தாண்டுகளுக்கு முன் மூன்றாவது ஆழ்துளைக் கிணறு போடக் கடன் வாங்கினார். 900 அடி தோண்டியும் புழுதிதான் வந்தது. முன்னே போட்ட இரண்டும் அப்படியே. கடன் மட்டும் ஊறிக்கொண்டிருந்தது.

அந்த அம்மையாரின் மகன் என் கல்லூரித் தோழர். ஒரே விடுதியில் மூன்றாண்டு ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவர் இப்பொழுது கோவையிலுள்ள ஒரு கல்லூரியில் திரைப்படக் கலை கற்பிக்கும் ஆசிரியர். தோழரின் தாயாரிடம் நோட்டீஸை நீட்டுவது எனக்குச் சங்கடமாக இருந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை. அம்மையார் அதை வாங்கி, படிக்காமலே தறியின் மேற்சட்டத்தில் செருகி வைத்துவிட்டு, “மோர் குடிச்சுட்டுப் போங்க தம்பி” என்றார்.

அன்று மாலையே தோழர் தொலைபேசியில் பேசினார். நிலத்தைக் கிடங்கு கட்டுவதற்காகக் கேட்டு ஒருவர் இரண்டு முறை வந்து போயிருக்கிறார் என்றும், விற்றுக் கடனை ஒரே தவணையில் தீர்த்துவிடலாம் என்று தாம் முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். “அம்மா என்ன சொல்கிறார்?” என்றேன். “ஒன்றும் சொல்லவில்லை. தறியில் உட்கார்ந்திருக்கிறார்” என்றார். பிறகு, இரண்டு மாதம் பொறுக்க வேண்டும், கோடை விடுமுறையில் இராஜஸ்தானத்துக்குப் போகிறேன், திரும்பி வந்து கையெழுத்திடுகிறேன் என்றார்.

சுற்றுலாவா என்று கேட்டேன். இல்லை, மண் வெட்டப் போகிறேன் என்றார்!

அதற்குக் காரணம் ஒரு மாணவன். கிங் விடார் என்னும் அமெரிக்க இயக்குநர் 1934இல் எடுத்த ‘அவர் டெய்லி பிரெட்’ என்ற படத்தைத் தோழர் ஆண்டுதோறும் வகுப்பில் காட்டுவது வழக்கம். நம் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டிய படம் அது. அமெரிக்காவைப் பெருமந்தம் வாட்டிய காலத்தில், நகரத்தில் வேலையிழந்த ஒரு கணவனும் மனைவியும் கடனில் மூழ்கிய ஒரு பண்ணைக்கு வருகிறார்கள். தங்களால் மட்டும் ஆகாதென்று கண்டு, வேலையற்ற தச்சர், கொத்தர், தையற்காரர், பிடில் வாசிப்பவர் முதலியோரையெல்லாம் சேர்த்துக்கொண்டு கூட்டாகப் பயிரிடுகிறார்கள். பண்ணை ஏலத்துக்கு வருகிறது. வெளியார் எவரும் ஏலம் கேட்கவொட்டாமல் இவர்கள் மிரட்டி, இரண்டு டாலருக்கும் குறைவான தொகைக்குத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள். (ஏல அதிகாரிகளாக வேலை பார்க்கும் என் போன்றோர் அக்காட்சியைச் சிரித்துக்கொண்டே பார்ப்பது கடினம்.) பின்னர் மழை பொய்த்து மக்காச்சோளம் வாடுகிறது, இரவு பகலாக வாய்க்கால் வெட்டிப் பயிருக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். அந்த வாய்க்கால் வெட்டும் காட்சியே படத்தின் உயிர். எந்தப் படக் கம்பெனியும் முன்வராத நிலையில் இயக்குநர் தம் வீட்டையே ஈடு வைத்து எடுத்த படம் இது.

அக்காட்சியின் தாளத்தைத் தோழர் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின் வரிசையிலிருந்த ஒரு குடியானவர் வீட்டுப் பையன் எழுந்து, “ஐயா, நீங்கள் வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லையாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டானாம். தோழர் இல்லையென்றார். மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்றுதானே அவர் தாயார் அவரைப் படிக்க வைத்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

“வெட்டுவதானால் உங்கள் மேட்டுக்காட்டிலேயே வெட்டலாமே, ஆயிரக்கணக்கான மைல் போவானேன்?” என்று நான் கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: “இங்கே வெட்டினால் ஊரே வேலியோரம் நின்று சிரிக்கும். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.”

அவரிடம் முன்பு படித்த ஒருவர் நீர்நிலைகளைப் பற்றிய செய்திப்படம் எடுப்பதற்காக ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சில மாதம் தங்கியவர். அவர் மூலமாக ஒரு குடியானவர் குடும்பத்தில் தங்க ஏற்பாடாயிற்று. மே மாதம் நடுவில் தோழர் புறப்பட்டார். ஜோத்பூரில் இரயிலை விட்டிறங்கி, அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 280 கி.மீ. பேருந்தில் போனார்.

தார்ப் பாலை என்றதும் நாம் மணல்மேடுகளையே நினைக்கிறோம். ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி கல்லும் சரளையுமான மேட்டு நிலம். ஆண்டுக்கு 200 மி.மீ. மழைகூடப் பெய்வது உறுதியில்லை. நம் கோவை, திருப்பூர்ப் பகுதிகளை நாம் வறண்ட சீமை என்கிறோம். இங்கே அதைப் போல் மூன்று மடங்கு பெய்கிறது. அவ்வளவு குறைந்த மழையை வைத்துக்கொண்டு அங்கே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிக்கிறார்கள், அதுவும் கிணற்றுப் பாசனம் இன்றி, என்றால் முதலில் நானும் நம்பவில்லை.

அந்த முறைக்குக் ‘கடீன்’ என்று பெயர். ஜெய்சல்மேர்ப் பகுதியில் வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டு முதல் அமைத்துப் பரப்பியது. பாறைச் சரிவுகள் மழைநீரை உறிஞ்சுவதில்லை. பெய்த நீர் ஓடி வந்துவிடும். சரிவின் அடிவாரத்தில், வண்டல் படிந்த தாழ்நிலத்தின் குறுக்கே, 100 முதல் 300 மீட்டர் நீளமுள்ள ஒரு மண்கரை போடுகிறார்கள். கரைக்கு மேலே நீர் வந்து தேங்குகிறது. மிகுந்த நீர் வெளியேறக் கலிங்கு உண்டு. அடியில் மதகும் உண்டு. ஒரு பங்கு விளைநிலத்துக்குப் பதினைந்து பங்கு வரை நீர்பிடிப்புச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. ஆடி ஆவணியில் தேங்கிய நீர் ஐப்பசி வரையில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சியதை மதகு வழியே வடித்துவிட்டு, ஈரம் நிறைந்த அந்த நிலத்தில் கோதுமையையும் கடலையையும் விதைத்துவிடுவார்கள். அதன்பின் ஒரு சொட்டு நீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் இறங்கிய நீரே பங்குனியில் அறுவடை வரைக்கும் பயிரைத் தாங்கும். நீரோடு வரும் வண்டல் ஆண்டுதோறும் நிலத்துக்கு எருவாகிறது. தேங்கி இறங்கும் நீர் உப்பையும் கீழே கொண்டு போய்விடுகிறது. பாலிவால்கள் 19ஆம் நூற்றாண்டில் குல்தாரா முதலிய தங்கள் ஊர்களைவிட்டு வெளியேறிவிட்டார்கள். அதற்குக் காரணம் பலவாறு சொல்லப்படுகிறது. ஊர்கள் பாழாகிக் கிடக்கின்றன. அவர்கள் போட்ட கரைகள் பலவற்றில் இன்றும் பயிர் நடக்கிறது.

தோழர் தங்கிய ஊரில் ஒரு கடீனுக்கு ஆறு வீட்டார் பங்குதாரர்கள். முந்தைய மழையில் கலிங்கின் ஓரமாகக் கரை அரித்துப் போயிருந்தது. மழைக்குமுன் ஏறக்குறைய நாற்பது தப்படி நீளத்துக்கு அதைக் கட்டி முடித்தாக வேண்டும். பங்குக்கு ஏற்ப ஆள் தர வேண்டுமென்பது ஏற்பாடு: இரட்டைப் பங்குள்ளவர் வீட்டிலிருந்து இருவர், ஒற்றைப் பங்கென்றால் ஒருவர். தோழர் தங்கியிருந்த வீட்டின் மூத்த மகன் பிழைப்புக்காகக் குஜராத்துக்குப் போயிருந்தான். அவனுக்குப் பதிலாக இவரை நிறுத்தினார்கள்.

முதல் வாரத்தில் இவரை ‘அரை ஆள்’ என்று கணக்கெழுதினார்களாம்! எழுதியது என்பதும் தவறு; கரைமேல் ஒரு கிழவர் துணியை விரித்து, வீட்டுக்கு ஒரு குவியலாகக் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் முழு வேலைக்கு ஒரு முழுக் கல். இவர் வேலைக்கு ஓர் உடைந்த கல்லை வைத்தார். இவ்வளவு சுத்தமான வருகைப் பதிவேட்டை நான் எந்தச் சங்கத்திலும் கண்டதில்லை. பொய்யாக ஒரு கல்லைச் சேர்க்க வழியில்லை. ஆறு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவ்வீட்டுக்கு மீதி அரை ஆள் கடனாக நின்றது. மாலையில் அவ்வீட்டு அம்மாள் தாமே வந்து மண் சுமந்து அந்த அரைக் கல்லை ஈடு செய்தாராம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் போன்ற வெட்கம் தம் வாழ்வில் வேறொன்று இல்லை என்று தோழர் என்னிடம் சொன்னார். கடன்தாரர் வீட்டு மகன் அல்லவா. கடனின் கனம் அங்கேதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று நான் நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

வேலை நேரம் விடியற்காலை ஐந்து மணி முதல் ஒன்பது வரை. மீண்டும் மாலை ஐந்துக்குமேல் இருட்டும் வரை. இடையில் வெளியே நிற்க முடியாது. அந்த மே மாதம் 25ஆம் தேதி அண்டை மாவட்டமான பலோடியில் வெப்பம் 50 டிகிரியைத் தொட்டது. (2016இல் அதே பலோடியில் பதிவான 51 டிகிரிதான் இந்தியாவின் உச்ச வெப்பம்.) முதல் மூன்று நாளில் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்தன. மண்வெட்டியைக் கையால் பிடிக்கக்கூடாது, விரலால் பிடித்து இடுப்பால் வீச வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஒரு வாரமாயிற்று. வெட்டிய மண்ணை இரும்புச் சட்டியில் சுமந்து கரைமேல் கொட்டி, கட்டி உடைத்து, காலால் மிதித்து இறுக்க வேண்டும். சாண் உயரம் போட்டு மிதித்தபின்தான் அடுத்த படை. அவசரப்பட்டு முழங்கால் உயரம் கொட்டினால், மழை வந்ததும் கரை உள்ளே கரைந்துபோகும்.

உணவு கம்பு ரொட்டியும் மோரும். கேர்க் காயும், வன்னிக் காயும் சேர்த்துச் சமைத்த கறி. நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான் அங்கே பாலையின் உயிர்மரம். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும்; காய் மனிதருக்கு; நிழலில் கம்பும் நரிப்பயறும் நன்றாக வளர்கின்றன. கம்பை மோரில் கரைத்துக் காய்ச்சிய கூழை அவ்வீட்டார் கொடுத்தபோது, “எங்கள் பாட்டி செய்வது இதுதான்” என்று தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லியிருக்கிறார். அவர்கள் நம்பவில்லை. மதராசிகள் அரிசியைத் தவிர வேறொன்றும் தின்னமாட்டார்கள் என்பது அங்கே முடிந்த முடிபு. சீமைக்கருவேல் நம்மூரில் மட்டுமல்ல, அங்கேயும் வேலி தாண்டி வயலுக்குள் புகுந்து தொல்லை தருகிறதாம்.

பங்குக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு வழக்கமும் அங்கே உண்டு. அதை ‘ல்ஹாஸ்’ என்கிறார்கள். ஒரு வீட்டாரால் தனியே முடிக்க முடியாத வேலைக்கு ஊரைக் கூப்பிடுவார்கள், கூலி இல்லை, கூப்பிட்ட வீட்டார் அன்றைக்குச் சோறு போட வேண்டும். ஒரு கைம்பெண்ணின் வயலுக்கு முள்வேலி அடைக்க அப்படி ஒருநாள் இருபதுக்கு மேற்பட்டோர் கூடினார்களாம். நம் பக்கத்திலும் மாற்றாள் வேலை என்று ஒன்று இருந்தது. இப்பொழுது கேட்டால் பெரியவர்கள் சிலர் நினைவுபடுத்திச் சொல்கிறார்கள்.

எல்லாம் நன்றாயிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கரைக்கு அருகிலுள்ள தாழ்ந்த வயலில் நீர் நெடுநாள் நிற்கும். மேலேயுள்ள வயல் முதலில் காய்ந்துவிடும். மழை குறைந்த ஆண்டில் கீழ்ப்பங்குக்காரர் விதைக்கிறார், மேற்பங்குக்காரர் வேலை தேடி வெளியூர் போகிறார். இதைப்பற்றி இரண்டு வீட்டாருக்குள் பழைய பூசல். தோழர் அங்கிருந்தபோதே ஒருநாள் சண்டை முற்றி, மேற்பங்குக்காரர் ஒருவர் ஆள் அனுப்ப மறுத்துவிட்டார். மூன்று நாள் வேலை நின்றது. கூழாங்கல் கிழவர் அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் பேசாமல், தண்ணீரும் குடிக்காமல் இருந்து மறுநாள் அழைத்து வந்தார். இந்தச் சமரச முறைக்கு நம் கூட்டுறவுச் சட்டத்தில் பிரிவு இல்லை.

திரும்பும் வழியில் தோழர் பலோடிப் பக்கத்தில் நெசவாளர்களைக் கண்டு வந்தார். பிகானேர்ப் பகுதியின் கூட்டுறவுப் பால் ஒன்றியத்துக்கு உர்முல் என்று பெயர். அதன் பெயராலேயே 1980களில் ஓர் அறநிலை தோன்றி, வறட்சியில் மாடும் பயிரும் போனவர்களுக்குக் கம்பளி நூற்பையும் நெசவையும் தொழிலாக்கித் தந்தது. பின்னர் நெசவாளர்கள் தங்களுக்கென்றே ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் மேக்வால் வகுப்பினர். நம்மைப் போலவே குழித்தறி. ‘பட்டு’ என்று பெயர். ஆனால் அது பட்டல்ல, கம்பளிப் போர்வை. குறுகிய அகலத்தில் இரண்டு பாதியாக நெய்து நடுவில் சேர்த்துத் தைக்கிறார்கள். ஊடையில் தனி நூலைக் கையாலேயே கோத்துப் பூவேலை போடுகிறார்கள். பார்ப்பவர்கள் பூத்தையல் என்றே மயங்குவார்கள். தோழர் தம் தாயாருக்கு ஒன்று வாங்கி வந்தார். அம்மையார் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “விளிம்பு நல்லா இருக்கு, பாவுதான் கொஞ்சம் தளர்ச்சி” என்றார். நம் ஊர் வெயிலில் அதை யார் போர்த்துவது? தறிக்குழியில் மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நெய்கிறார்.

தோழர் ஜூன் கடைசியில் புறப்படும்போது கரை முடிந்திருந்தது, மழை வரவில்லை. ஒரு மாலை செம்புழுதிக் காற்று அடித்துப் பத்து நிமிடம் தூறிற்று. அவ்வளவே. கடைசி இரண்டு வாரமும் கிழவர் அவருக்கு முழுக் கல் வைத்தார் என்பதை மட்டும் என்னிடம் மூன்று முறை சொன்னார். ஆகஸ்டில் அவ்வீட்டார் தொலைபேசியில் படம் அனுப்பியிருந்தார்கள்: கரை நின்றது, அதற்குப் பின்னால் வானம் தெரியும்படியாக நீர்.

ஜூலையில் கல்லூரி திறந்தது. திரைப்படப் பாடத்துக்குத் திரும்பியவர் பழைய குறிப்பேட்டைப் பயன்படுத்த முடியவில்லை என்றார். ஏன் என்று கேட்டபோது அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். விடார் அந்த வாய்க்கால் காட்சியைப் படமாக்கும்போது மெட்ரனோம் என்னும் தாளக்கருவியையும் பெரிய முரசையும் வைத்துக்கொண்டார். ஒன்றுக்கும் மூன்றுக்கும் கடப்பாரைகள் இறங்க வேண்டும். இரண்டுக்கு மண்ணை அள்ள வேண்டும். நான்குக்கு எறிய வேண்டும். காட்சி முன்னேற முன்னேறத் தாளத்தை விரைவாக்கினார். இது திரைப்பட வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. தோழர் பத்தாண்டாக இதையே வியந்து கற்பித்தவர். இப்பொழுது அவருக்குத் தெரிந்தது வேறு: மெய்யான மண்வேலை நேரம் ஆக ஆக மெதுவாகும், ஒருபோதும் விரையாது. ஆறு பேர் வெட்டினால் ஆறு தாளம். ஒருவன் நிமிரும்போது இன்னொருவன் குனிகிறான். அதனால்தான் ஒருவர் மண்வெட்டி மற்றவர் மண்டையில் படுவதில்லை. “அப்படியானால் அந்தப் படம் பொய்யா?” என்றேன். “பொய்யில்லை. வேலை செய்கிறவனுக்கு அப்படி இருப்பதில்லை; வேலை முடிந்து இரவில் கயிற்றுக்கட்டிலில் படுத்து நினைக்கும்போது அப்படி இருக்கிறது” என்றார். இதை அவர் வகுப்பிலும் சொன்னார். அந்தக் குடியானவர் வீட்டுப் பையன் ஒப்புக்கொள்ளவில்லையாம். எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் ஒரே தாளத்தில்தான் வெட்டுவோம் என்றானாம்.

கே. ஏ. அப்பாஸ் 1971இல் எடுத்த ‘தோ பூந்த் பானீ’ என்ற இந்திப் படத்தையும் அவர் புதிதாகப் பாடத்தில் சேர்த்தார். தண்ணீரில்லாத ஒரு பாலைக் கிராமத்திலிருந்து கால்வாய் வேலைக்குப் போகும் இளைஞனையும், ஊரில் காத்திருக்கும் அவன் குடும்பத்தையும் பற்றியது. அந்தக் கால்வாய்க்கு 1958இல் அடிக்கல் நாட்டப்பட்டது; இப்பொழுது இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து ஜெய்சல்மேர் மாவட்டம் வரை வருகிறது. அது பாய்ந்த இடங்களில் கோதுமையும் பருத்தியும் விளைகின்றன. சில இடங்களில் நீர் தேங்கி உவர் ஏறி நிலம் கெட்டும் போயிருக்கிறது. கால்வாய் எட்டாத மேட்டில் கடீன்காரர் இன்றும் வானத்தைப் பார்க்கிறார்.

இனி, நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பாலையில் இருந்த மே மாதத்தில், ‘மந்தன்’ என்ற நம் நாட்டுப் படம் புதுப்பிக்கப்பட்டுப் பிரான்சு நாட்டில் கான் நகரத்து விழாவில் திரையிடப்பட்டது. ஷியாம் பெனகல் இயக்கி 1976இல் வந்த படம். குஜராத்துப் பால் உற்பத்தியாளர் சங்கங்களின் அங்கத்தினர் ஐந்து இலட்சம் பேர், ஆளுக்கு இரண்டு ரூபாய் வீதம் போட்ட பத்து இலட்சம் ரூபாயில் எடுக்கப்பட்டது. யோசனை சொன்னவர் வர்கீஸ் குரியன். படத்தின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் என்று ஐந்து இலட்சம் உழவர்களைத்தான் குறித்திருக்கிறார்கள். படம் வெளியானபோது அவர்கள் லாரி லாரியாகக் கொட்டகைகளுக்கு வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள்.

நெசவாளர் சங்கத்து மண்டபத்தில் இதைக் காட்டலாமே என்று தோழர் கேட்டார். காரியதரிசி சற்றுத் தயங்கினார். மின்கட்டணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது அவர் கவலை. உறுப்பினர் கல்வி நிதியில் எழுதலாம் என்றேன். செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை, சலவை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினோம். எண்பது பேருக்குமேல் வந்தார்கள். இந்தி தெரியாதவர்களுக்காகத் தோழர் அவ்வப்போது நிறுத்திக் கதை சொன்னார்.

கால்நடை மருத்துவர் ஒருவர் பால் சங்கம் அமைக்க ஒரு கிராமத்துக்கு வருகிறார். தனியார் பால்பண்ணைக்காரர் அளவிலும் விலையிலும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். சங்கத் தேர்தலில் ஊர்ப் பெரியவர் தோற்று, சேரியைச் சேர்ந்தவர் வெல்கிறார். உடனே பகை மூளுகிறது, குடிசைகள் எரிகின்றன, மருத்துவர்மேல் ஒரு பெண்ணின் பெயரால் பொய்ப்புகார் எழுதப்படுகிறது. அவர் மாற்றலாகிப் போய்விடுகிறார். ஆனால் ஊராரில் ஒருவனான போலா, விடாமல் சங்கத்தை எடுத்து நடத்த முனைகிறான்.

தேர்தல் காட்சியில் மண்டபத்தில் ஓர் அமைதி நிலவியது. நம் சங்கத்தின் சென்ற தேர்தலை அறிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். நான் எழுத வேண்டுவதில்லை. படம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, “அந்த ரெண்டு ரூபாய் திரும்ப வந்துதுங்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. படம் வெற்றி பெற்றது என்று தோழர் சொன்னார். “அதைக் கேக்கலீங்க. பங்குக்காரனுக்கு என்ன வந்துது?” என்றார் பெரியவர். தோழரால் பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

அதே பெனகல் 1987இல் ‘சுஸ்மன்’ என்று போச்சம்பள்ளி நெசவாளரைப் பற்றியும் ஒரு படம் எடுத்தார் என்றும், கைத்தறிக் கூட்டுறவு நிறுவனங்களே அதற்குப் பணம் தந்தன என்றும் தோழர் சொன்னபோது, பெண்கள் பக்கத்தில் பெரிய ஆர்வம் எழுந்தது. பிறருக்காக நெய்யும் பட்டில் கொஞ்சத்தை எடுத்து மகள் கல்யாணத்துக்கு ஒரு சேலை நெய்துவிடுவதால் நேரும் துன்பமே அதன் கதை. ‘காஞ்சிவரம்’ பார்த்தவர்கள் அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் ‘சுஸ்மன்’ காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் டிசம்பர் 23ஆம் தேதி பெனகல் காலமானார்.

நிலத்தின் கதை மிச்சமிருக்கிறது. தோழர் ஜூலையில் என்னிடம் வந்து, இப்போதைக்கு விற்கவில்லை என்றார். கடனில் தவணை கடந்த பகுதியைச் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கட்டினார். மேட்டுக்காட்டின் தென்மூலையில் ஒரு பழைய குட்டை தூர்ந்து கிடக்கிறது. மூன்று ஆழ்துளைக் கிணறு போட்ட காலத்தில் எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சனிக்கிழமைதோறும் வந்து அதைத் தாமே வெட்டினார். அவர் அஞ்சியபடியே ஊர் வேலியோரம் நின்று சிரித்தது. ஐந்தாவது வாரம் சிரித்தவர்களில் இருவர் மண்வெட்டியோடு உள்ளே வந்தார்கள். அம்மையார் அன்றைக்குச் சமைத்த சோற்றுக்கு நானும் போயிருந்தேன். கையில் மண்வெட்டியைத் திணித்தார்கள். அரைமணி நேரம் தாங்கினேன். என் கணக்கில் கல் எதுவும் வைக்கப்படவில்லை.

ஐப்பசி மழைக்குக் குட்டையில் நீர் நாற்பது நாள் நின்றது. அதனால் ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறிவிடவில்லை. அரை ஏக்கரில் கொள்ளு போட்டார்கள், ஓரளவு கண்டது. மீதி நிலம் தரிசுதான். கிடங்குக்காரர் தை மாதம் மறுபடி வந்து, விலையைக் கூட்டிக் கேட்டுவிட்டுப் போனார். அம்மையார் இம்முறை வாய் திறந்தார்: “படிக்க வச்சதே இந்தப் பூமியும் தறியுந்தானுங்க. நான் இருக்கிற மட்டும் இருக்கட்டும்.” அதற்குப்பின் என்ன என்று அவரும் சொல்லவில்லை, மகனும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு மாறுதல் உத்தரவு வந்திருக்கிறது. வேறு வட்டத்துக்குப் போகிறேன். மந்தன் படத்து மருத்துவரைப் போலப் பகைக்கு ஆளாகியல்ல. மூன்றாண்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் அந்த அம்மையாரின் கணக்கும் இருக்கிறது: தவணை கடந்தது இல்லை, அசல் நிலுவை ரூ. 41,600, அடுத்த தவணை ஆடி 15. தறியின் மேற்சட்டத்தில் என் பழைய நோட்டீஸ் இன்னும் செருகியபடியே இருந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “இருக்கட்டுங்க தம்பி, நூல் எண்ணிக்கை எழுத ஆகுது” என்றார். புரட்டிப் பார்த்தேன், பின்பக்கம் முழுவதும் பென்சிற் கணக்கு.